அம்மா நேர்ந்துவிட்ட என் முடி

“ஏ மதினி, ஒம்மக மட்டும் பத்தாவது பாஸாகட்டும், நான் மீச வச்சுக்கிறேன்” என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

வண்டன்மேட்டுக்கு அருகே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கங்களிலும் எங்கள் வீடும் அவர் வீடும் இருந்தன. அத்தையைக் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஒருவரும் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இடுக்கியில் பெய்கிற மழைக்கு அது சாதாரண விஷயமல்ல.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பழனி இருக்கும் திசையாக அவர் நம்புகிற பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “முருகா, எம்புள்ள பாஸாயிட்டா முடி எறக்குறேன்.”

“யாரு முடிய?” என்றார் அத்தை.

“அவ முடியத்தான். எம்முடி நாலு எலிவாலு. அதக் கொண்டுபோயிக் குடுத்தா முருகனுக்கு மரியாதையா?”

என் முடி அப்போது இடுப்பைத் தாண்டியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் உள்ளே வரலாறு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கேரளத்தில் பத்தாம் வகுப்பில் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும் என்பது அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரியாது. நான் பாஸானேன். அத்தை மீசை வைத்துக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் பழனிக்குப் போகத் தயாரானார். மொட்டைத் தலையோடு பிளஸ் ஒன் வகுப்பில் உட்காரமாட்டேன் என்று நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். கடைசியில் அம்மா மறுபடி அதே திசையில் திரும்பினார்.

“முருகா, சின்னப் புள்ள, வெக்கப்படுது. பிளஸ் டூ முடியட்டும். சேத்துத் தாரேன்.”

பிளஸ் டூ முடிந்தது. கல்லூரிக்குப் பாலக்காட்டுக்குப் போனேன். ஹாஸ்டலில் மொட்டைத் தலையோடு எப்படி இருப்பது என்றேன். அம்மா முருகனிடம் டிகிரிவரை அவகாசம் கேட்டார். தாமதத்துக்குப் பதிலாக ஒரு பால்குடத்தையும் சேர்த்துக்கொண்டார். டிகிரி முடிந்ததும் பி.எட். வந்தது. பால்குடத்தோடு, படியேறி வருவதாகவும் ஒரு வாக்கு சேர்ந்தது. ஏறப்போவதும் நான்தான். என் கல்வியில் பொறுமையைக் கற்றுக்கொண்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது முருகன்தான்.

நான் இதையெல்லாம் கேலியாகத்தான் பார்த்தேன். எழுதியது நான், விழித்திருந்து படித்தது நான். மலைமேல் நிற்கிறவருக்கு இதில் என்ன பங்கு? ஹாஸ்டல் தோழிகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். சொல்லிவிட்டு, பரீட்சைக்குப் புறப்படும்போது அம்மா மடித்துத் தந்த விபூதிப் பொட்டலம் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பேனா இருக்கிறதா என்று பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

பிறகு அரசுப் பள்ளித் தமிழாசிரியர் வேலைக்கான பரீட்சை எழுதினேன். தோற்றேன்.

வாழ்க்கையில் அதுதான் முதல் தோல்வி. எப்படித் தோற்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத வேலையைச் செய்கிறவர்கள் எல்லோரையும்போல, பக்கத்தில் இருந்தவர்மேல் பாய்ந்தேன்.

“எல்லாம் உன் முருகனாலதான். மொட்ட போடாததுக்குப் பழி வாங்கிட்டாரு.”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாஸானப்பல்லாம் நீ படிச்சுப் பாஸான. இப்ப மட்டும் அவன் வந்து பேப்பர் திருத்துனானாக்கும்? ஒழுங்கா எழுதலன்னு சொல்லுடி.”

“அப்புறம் எதுக்கு நேர்ந்த?”

“அது எனக்கு. நீ பரீட்சைக்குப் போயிட்டா எனக்குக் கையுங்காலும் ஓடல. நெஞ்சு கெடந்து அடிக்குது. ஒங்கப்பன்கிட்டச் சொன்னா, ‘காய எடு, வேலையப் பாரு’ம்பாரு. யாருகிட்டயாச்சும் சொல்லி வைக்கணும்ல?” என்றார் அம்மா. பிறகு கரண்டியால் தட்டை ஒரு தட்டுத் தட்டி, “உக்காந்து சாப்புடு. தோத்தவளுக்குப் பசிக்காதாக்கும்?” என்றார்.

நான் சாப்பிட்டேன். பசித்தது.

அடுத்த பரீட்சை அறிவிப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால், அம்மாவோடு தோட்டத்தில் காய் எடுக்கப் போனேன். ஏலச்செடியின் காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்கும் சரங்களில் காய்க்கும். குனிந்து, சரத்தை மெல்ல விலக்கி, முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு, பிஞ்சையும் பூவையும் தொடாமல் விட வேண்டும். மீதிக்கு அடுத்த சுற்றில் மறுபடி வர வேண்டும். நான் எதையும் முழுதாக முடித்துப் பழகியவள். சரம் சரமாக உருவிக் கூடையை நிறைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்பாக நிமிர்ந்து நின்றேன்.

சூப்பர்வைசர் கூடைக்குள் கைவிட்டார். “யாரு இது, டிகிரிக்காரியா? அடுத்த ரவுண்டு, அதுக்கடுத்த ரவுண்டு எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துட்டீங்களேம்மா! இனி நாங்க எதுக்கு? வீட்டுக்குப் போயிரலாம்ல?”

அந்த வரிசையே சிரித்தது. அத்தை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

இதில் வாழ்க்கைக்கான ஒரு தத்துவம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள்கூடக் குனிந்து காய் எடுத்தவராக இருக்கமாட்டார். எனக்குக் கிடைத்தது முதுகுவலி. ஆனாலும் வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் திறக்காத இலக்கணப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரே மூச்சில் முடித்துவிடும் திட்டங்களைப் போடாமல், அன்றைக்கு முடிந்ததை மட்டும் படித்தேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன். மழைக்காலம் வந்து போனது. படிப்பதைவிட, படித்துவிட்டுக் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது எப்படி என்று அப்போது ஓரளவு புரிந்தது.

இரண்டாம் முறை தேறினேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. லயம் முழுவதும் மிட்டாய் கொடுத்தோம். அம்மா முடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“பழனிக்கு எப்பம்மா?” என்றேன்.

“அவசரம் இல்ல” என்றார் அம்மா, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. “கலியாணம் முடியட்டும்னு சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“முருகன்கிட்டத்தான்.”

எந்தக் கல்யாணம், யாருடன் என்று நான் கேட்கவில்லை. பதில் தயாராக இருக்கும் என்று பயம். முருகனோடு அம்மா நடத்திவந்த பேச்சுவார்த்தையில் என் முடி மட்டும் இருந்தவரை சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்துவிட்டார். பள்ளி திறக்கும் முன்பே பழனிக்குப் போய்விட வேண்டும் என்று நானே பிடிவாதம் பிடித்தேன். இத்தனை வருடமாக மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தைவிட இது அம்மாவை அதிகம் குழப்பியது.

முடி எடுக்கும் கூடத்தில் தலையில் தண்ணீர் ஊற்றியவர், “என்ன வேண்டுதலும்மா?” என்று பேச்சுக்குக் கேட்டார். அம்மா யோசித்தார். பத்தாவதா, டிகிரியா, வேலையா என்று அவருக்கே பிடிபடவில்லை. “இவளுக்குத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, விழுகிற முடியைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை. தலை லேசாக இருந்தது. ஏன் இதற்கு இவ்வளவு காலம் பயந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

பள்ளியில் முதல் நாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வகுப்புக்குள் நுழைந்தேன். எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. முன்பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள்.

“ஏனுங் டீச்சர், பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?”

“ஆமாம்.”

“அப்ப பஞ்சாமிர்தம் எங்கீங்க?”

அந்த வகுப்பின் ஒரே மனக்குறை அதுதான். மறுவாரம் வாங்கிப் போனேன்.

கடவுள் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. காத்திருப்பதற்குத் துணை வேண்டும் என்பது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துணையிடம் என் சார்பில் யார் பேசுவது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

முடி இப்போது காதை எட்டியிருக்கிறது. போன மாதம் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ.வுக்குச் சேர்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சின்ன முருகன் கோயிலுக்குத் தனியாகப் போய், எனக்காக நானே ஒன்று நேர்ந்துகொண்டேன். என்ன நேர்ந்தேன் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். சேர்வது, நேர்வது இரண்டையும் முடித்த பிறகுதான் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.