எடை போட்ட லாரி எறங்கணும்ல!

சாஃப்ட்வேர் எழுதுறவன் பொழப்பு பந்திச் சமையல்காரன் பொழப்பு. நல்லா இருந்தா யாரும் தேடமாட்டாங்க, உப்பு கூடினா ஊரே தேடும்.

முதல் லாரி

செம்பட்டி ரோட்ல அப்பாஸ் பாயோட எடைமேடைக்கு ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தேன். லாரி மேடையில ஏறினா, ஒயர் வழியா எடை கம்ப்யூட்டருக்கு வரும், சீட்டு வரும். முதல் லாரிக்கு ஜம்முன்னு வந்துச்சு. ரெண்டாவது லாரிக்கு, "ஒயர் பயன்பாட்டில் உள்ளது"ன்னு திரையில ஒரு வரி. அம்புட்டுதான். அடப்பாவி, எவன்டா பயன்படுத்துறான்?

பின்னாடி ஆயக்குடி கொய்யா லோடு வெயில்ல நிக்குது. இதுதான் என் முதல் எடைமேடை. இது போச்சுன்னா அடுத்தது எவன் தருவான்? பாய் நிதானமாச் சொன்னார்: "ஒரு லாரிக்கு மட்டும்தான் ப்ரோக்ராம் போட்டீங்களா தம்பி? சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், இல்லைனா பழைய மிஷினை மாட்டிருவேன்."

செல்வி அக்கா வைத்தியம்

சீட்டு போடுற செல்வி அக்கா நெய்க்காரப்பட்டிக்காரங்க. நான் ஒயரைப் பிடுங்கி மாட்டி வேர்த்துக் கொட்டிக்கிட்டு நிக்கிறேன். சும்மா இருக்க மாட்டாம அக்கா, அதே ப்ரோக்ராம்ல போன வருச ரிப்போர்ட்டைத் தொறந்து மூடினாங்க. எடை வந்துருச்சு! அடுத்த லாரிக்கும் எடை வராம நின்னுச்சு. தொறந்து மூடினாங்க, வந்துச்சு. எழுதினவன் நான், எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்னேன்.

"ஏனுங்க, சம்பந்தமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, இதைத் தொறந்தாத்தானுங்க அது அசையுது."

பொறி தட்டுச்சு

என்னை மாதிரி கோட் எழுதி மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். நான் எழுதின மொழி, வேலை முடிஞ்ச சாமானைக் குப்பை மாதிரி தானே அள்ளிப் போட்டுரும். ஆனா எப்ப? ஃபங்ஷன்ங்கிற கோட் துண்டு முடிஞ்சதும் இல்ல, மெமரி நெறையுறப்பதான். அதுவரைக்கும் முதல் லாரிக்குப் பிடிச்ச ஒயரைப் பிடிச்சபடியே இருந்திருக்கு. அக்கா பெரிய ரிப்போர்ட்டைத் தொறக்க, மெமரி நெறைய, அள்ள வந்தது ஒயரையும் விடுவிச்சிருக்கு.

அக்காவைக் கையெடுத்துக் கும்பிடலாம்னு இருந்துச்சு. கோட்ல ஒயரைப் பிடிக்கிற இடத்துல 'யூசிங்'னு ஒரே வார்த்தை சேர்த்தேன். இனி அந்த இடத்தை விட்டு வெளியேறுறப்பவே, நல்லா முடிஞ்சாலும் சரி, நடுவுல தப்பு நடந்தாலும் சரி, ஒயரை விட்டுரும். பாய்கிட்ட பெருமையா விளக்கினேன். "இதுக்கா இம்புட்டு நேரம்? எடை போட்ட லாரி மேடையை விட்டு எறங்கினாத்தானே தம்பி அடுத்தது ஏறும்!"

வரிசை நகர்ந்தது

கொய்யா போச்சு, தேங்காய் போச்சு, வைக்கோல் போச்சு. அப்பப் பாத்து சீட்டுப் பேப்பர் சிக்கி, ப்ரோக்ராம் 'தப்பு, தப்பு'ன்னு கத்துச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. பேப்பரை உருவிட்டு அக்கா மறுபடி அமுக்கினாங்க, எடை வந்துச்சு! கத்துறதுக்கு முன்னாடியே ஒயரை விட்டிருக்கு என் தங்கம். நான் போட்ட சத்தத்துல ரோட்ல போனவங்க திரும்பிப் பாத்தாங்க. பாய் பழைய மிஷினைத் தூக்கிக் குடோன்ல போட்டார்.

செல்வி அக்கா மட்டும் அடுத்த லாரி ஏறினதும் போன வருச ரிப்போர்ட்டைத் தொறந்தாங்க. "சரியாயிருச்சுங்க, நம்புறனுங்க, இருந்தாலும் ஒருக்காத் தொறந்து மூடிக்கிறனுங்க, ஒரு தெம்புக்கு."

ஆகவே தோழர்களே, தானா அள்ளிரும்னு நம்பாம எடுத்ததை அங்கனயே விட்டுட்டு வாங்க, முடியாட்டி ஒரு செல்வி அக்காவைப் பக்கத்துல வச்சுக்கங்க.