ஒரு கதவு, இருநூறு பேர்

எழுபதுகளின் கடைசியில் இலங்கையில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கூட்டம் எப்படி நகர்கிறது என்பதுதான் அப்போது என்னைப் பிடித்திருந்த பைத்தியம். மணியடித்ததும் பிள்ளைகள் வாசலைக் கடக்கும் வேகத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, சமன்பாடு எழுதுவேன். ஒரு கதவு, நொடிக்கு ஓர் ஆள். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்ற திமிர் எனக்கு.

அந்தத் திமிரில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படம் காட்டுவதற்காகப் பழைய அரிசி ஸ்டோருக்குள் இருநூறு பேரை விட்டேன். பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். ஜன்னல்களில் கம்பி, அதன்மேல் இருட்டுக்காகச் சாக்கு. கதவு ஒன்றே ஒன்று. மூன்றரை நிமிடத்தில் அத்தனை பேரும் வெளியே வந்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியதும் தோட்டத் துரை தலையாட்டினார். என் மனைவியும் கொழுந்துக்காரிதான், எட்டு மாதம் அவளுக்கு. திரையை ஒட்டிய வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

பாதிப் படத்தில் புரொஜெக்டர் புகைந்தது. எல்லாரும் ஒரேயடியாக முண்டியதில் நாலைந்து தோள்கள் கதவு நிலையில் இறுகிக்கொண்டன. அவசரம் கூடக்கூட வெளியே வருகிறவர்கள் குறைந்தார்கள். இது என் சமன்பாட்டில் எங்கேயும் இல்லை. முதல் ஆளாக வந்து விழுந்த கங்காணி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். வாசலில் நின்ற நான் கைக்கு அகப்பட்டவர்களை இழுத்தேன், ஒருத்தரும் அசையவில்லை. என் மனைவி இன்னும் உள்ளேதான் இருந்தாள்.

அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"ஏண்டி முண்டுறீங்க? அவங்கவங்க நெரையப் புடிங்க."

மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு, தேயிலைக்கு நடுவே அவள் பறித்துக்கொண்டு போகும் வரிசை. அடுத்தவள் நிரையில் கால் வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் கால்கள் தாமாகப் பின்வாங்கின. தினமும் பக்கத்தில் நிற்பவளைத் தேடி, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிக்கிய தோள்கள் விடுபட்டன. அவள் ஒவ்வொரு நிரையாகக் கூப்பிடக் கூப்பிட, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

நான் எண்ணிக்கொண்டு நின்றேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. நூற்றுத் தொண்ணூறு தாண்டியும் அவளைக் காணோம். எல்லாருக்கும் பின்னால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி வந்தாள். அத்தனை பேர் பார்க்க நான் விசும்பி அழுதேன். அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

"இருநூறு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை.

"இருநூத்தி ஒன்னு" என்றாள்.