வறுக்காத தாள்

கருப்பண்ணன் ராசிபுரம் பக்கத்துச் சேகோ மில்லில் முப்பத்திரண்டு வருஷமாக வறுக்கிறவர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவை உருட்டிய ஈரக் குருணையைச் சூட்டுத் தட்டில் கொட்டிப் புரட்டுவதுதான் வேலை. வறுக்காத குருணை தண்ணீரில் விழுந்தால் பாலாய்க் கரைந்துவிடும். வறுத்தது ஊறினாலும் ஜவ்வரிசியாகவே இருக்கும். இது அவர் கைக்குத் தெரியும். அதையெல்லாம் ஒரு விஷயமென்று யாரிடமும் சொன்னதில்லை.

மகள் மதுமதி எம்.எஸ்சி. படித்தாள். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக, அப்பா மில்லின் கிழங்கு மாவோடு பி.வி.ஏ. என்கிற பசையைக் கலந்து கண்ணாடி மாதிரி தாள் செய்தாள். பார்க்க லட்சணமாக இருக்கும். தண்ணீர் பட்டால் கூழாகிவிடும். எலுமிச்சை உப்புச் சேர்த்துக் காயவைத்தால் இழைக்கு இழை முடிச்சு விழுந்து தாள் கரையாமல் நிற்கும் என்று படித்திருந்தாள். கல்லூரி ஓவன் கெட்டுக் கிடந்ததால் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். முடிச்சு விழவே இல்லை.

வாரா வாரம் அவள் தாளைத் தண்ணீரில் முக்கி, கூழானதும் கொண்டுபோய்க் கொட்டுவதைக் கருப்பண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சூடு பத்தாது என்று நாக்கு நுனிவரை வரும். படித்த பிள்ளைக்கு அடுப்படிக்காரன் என்ன சொல்வது என்று விழுங்கிவிடுவார். மனுஷன் அதோடாவது நின்றாரா? தாள் நின்றால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். சித்திரைக்குள் நிற்காவிட்டால் பள்ளிபாளையத்து வரனுக்குத் தலையாட்ட வேண்டும் என்று கெடு வைத்ததும் கருப்பண்ணனேதான். தாள் நிற்கவில்லை. வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மண்டபத்தில் அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது இவருக்கு ஆறியிருக்கும்.

ஆவணியில் அலமாரியை ஒழித்தபோது அவள் விட்டுப்போன தாள் நாலைந்து கிடைத்தது. எறிய மனசில்லாமல் மில்லுக்கு எடுத்துப்போய், குருணை இறக்கிய தட்டில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தார். லேசாக மஞ்சளடித்தது. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் எடுத்தால் ஓரம்கூடக் கரையவில்லை. இழுத்துப் பார்த்தார், கிழியவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார்.

பிறகு போன் போட்டார்.

“சாமி, உன்ற தாளு நின்னுருச்சு. நம்ம தட்டுல வறுத்தேன்.”

அந்தப் பக்கம் கேள்விமேல் கேள்வி வந்தது. என்ன சூடு, எத்தனை நிமிஷம், எந்தத் தேதி போட்ட தாள் என்று பழைய மதுமதியாகவே கேட்டாள். கடைசியில், சூடு பத்தாதென்று அப்போதே தெரியுமா என்றாள். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. தெரியும், படித்த பிள்ளையிடம் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன் என்றார்.

“நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனுங்கப்பா” என்றாள்.