கொப்பூழுக்கு வலப்பக்கம்

சென்ற வாரம், தர்மபுரம் பக்கத்துக் கிளினிக்கில், வயிற்றுவலி என்று ஒரு பெண் வந்து படுத்தாள். சட்டையை விலக்கினால் மேல்வயிற்றிலிருந்து அடிவயிறு வரை பழைய வெட்டுத் தழும்பு. வயிற்றைத் திறக்கிறவர்கள் கொப்பூழை இடப்பக்கமாகச் சுற்றிப் போவார்கள். இது வலப்பக்கமாகப் போயிருந்தது.

அந்தப் பிழையை விட்ட ஆளை எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல என்ன, நான்தான்.

யுத்தகாலம். படிப்பு முடியாத மருத்துவ மாணவி நான். தறப்பாள் கொட்டகைக்குள்தான் சத்திரசிகிச்சை. மேசையின் ஒருபக்கம் மண்மூட்டையோடு ஒட்டியிருக்கும், நின்று வெட்ட மற்றப் பக்கம் மட்டும்தான். நானோ இடக்கைக்காரி. பதற்றத்தில் கத்தி போன பக்கம் போனது. கட்டுத்துணியைத் துவைத்து, விறகடுப்பில் அவித்து, மறுபடி கட்டுவோம். இன்றைக்கும் குசினியில் விறகு புகைந்தால் எனக்கு இரத்தம்தான் மணக்கும். சமையல் வராததற்கு நான் சொல்லும் சாட்டும் அதுதான். அந்தக் கொட்டகைக்கு வந்த காயக்காரர் யாரிடமும் பெயர்கூடக் கேட்டதில்லை.

பிறகு, யுத்தம் முடிந்து இராணுவம் விசாரித்த கேள்விகளின் காலம் வந்தது. எங்கே படித்தாய், யாருக்கு மருந்து கட்டினாய்? ஒரு பதில் பிழைத்தால் வேலை மட்டும் போகாது. அன்று பிடித்த சந்தேகம், சீனிவருத்தம் என்கிற நீரிழிவு மாதிரி, மாறவேயில்லை. வாசலில் புது மோட்டார்சைக்கிள் நின்றால் இன்றும் இலக்கத்தைப் பார்த்து வைப்பேன்.

"இது என்ன காயம்?" என்று கேட்டேன்.

"மரத்தால விழுந்தனான், டொக்டர்."

அவளுக்கும் அதே சந்தேக வருத்தம்தான். ஆனால் மருந்து எழுதும் என் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி வெளியே போனதும் கேட்டாள்.

"டொக்டர் அந்த நேரம் எங்க நிண்டனீங்கள்?"

ஏன் கேட்கிறாள்? யாராவது கேட்டுவரச் சொல்லி அனுப்பினார்களா?

"நான் கொழும்பில படிச்சனான்."

"ஓமோ. எனக்கு வெட்டினது ஒரு சின்னப் பிள்ளை. இடக்கை. 'நீ சாகமாட்டாய்' எண்டு சொல்லிச் சொல்லி அவாதான் அழுதவா. எங்கையும் கண்டா, எனக்கு ரெண்டு பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

தலையாட்டிவிட்டு, குளிசைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த வாரம் வரச் சொல்லியிருந்தேன், வரவில்லை.

கொட்டகை நின்ற இடம் இப்போது பற்றைக்காடு. அதற்காக நான் கவலைப்படவில்லை. பெயர் கேட்காமலே ஒருத்தியின் உயிரைப் பிடித்து நிறுத்தினாளே ஒரு பெட்டை, அவளைத்தான் காணவில்லை. இன்று அந்தப் பெண்ணின் பெயர், ஊர், விலாசம் எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. அது நான்தான் என்று ஒரு 'ஓம்' சொல்ல என்னால் முடியவில்லை.