கழற்றாத இஞ்சின்

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம் பக்கீர் முகம்மதுவுக்கு. ஒரே மகள் ஹஃப்ஸா சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குப் போனாள். "இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார். நாலு வருஷமாக முழிக்கவில்லை.

திருவாரூர் ஜங்ஷனில் அவருக்கு இஞ்சின் கழற்றி மாட்டும் வேலை. சென்னையிலிருந்து வரும் ரயிலின் கரண்ட் இஞ்சினைக் கழற்றிவிட்டு, மேலே கம்பி இல்லாத பட்டுக்கோட்டைப் பாதைக்கு டீசல் இஞ்சினை மாட்ட வேண்டும். மகள் மாமியார் வீட்டுக்கு அந்த ரயிலில்தான் போவாள். பக்கீர் இஞ்சின் பக்கம் நகர்ந்ததும் மனைவி நூர்ஜஹான் மேம்பாலப் படிக்கட்டு மறைவிலிருந்து தூக்குச்சட்டியோடு ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறி, இஞ்சின் மாட்டி முடியும்வரை மகளோடு இருந்துவிட்டு இறங்குவாள். அவருக்குத் தெரியாமலா! அந்த நாட்களில் மட்டும் கொக்கி லேசில் மாட்டாது. "என்ன பாய், கை வரலையா இன்னிக்கி?" என்று டிரைவர் கத்துவார். "துரு புடிச்சுக் கெடக்கு சார்" என்பார் மனுஷன், கூசாமல்.

அப்புறம் வந்தது புது இஞ்சின். புதுசு என்று பேர்தான். பழைய கரண்ட் இஞ்சினின் வயிற்றைப் பிரித்து டீசல் மிஷினையும் உள்ளே வைத்திருந்தார்கள். கம்பி இருக்கும்வரை கரண்டில் ஓடும், அப்புறம் டீசலில். கழற்றவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம். நாளையிலிருந்து ரயில் இரண்டே நிமிஷம்தான் நிற்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் தம்ரூட் வாசம். மகளுக்குப் பிடித்த இனிப்பு. அவள் புருஷனோடு துபாய்க்குப் போகிறாள், நாளைக்கு மாமியார் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு அங்கிருந்தே போய்த் திருச்சியில் விமானம் ஏறுகிறாள் என்று நூர்ஜஹான் போனில் அழுதது ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. நாளைக்கு வண்டி ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் இத்தனை நாள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது வெளியே வந்துவிடுமே! பாழாய்ப்போன வீம்பு, சொல்லவிடவில்லை.

மறுநாள் வண்டி வந்தது. இஞ்சின் பக்கம் அவருக்கு வேலை இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிளாட்பாரத்தின் நடுவிலேயே நின்றார். எதிரே பெட்டி வாசலில், இடுப்பில் குழந்தையோடு ஹஃப்ஸா அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். பார்த்த கண்ணை அவரால் எடுக்க முடியவில்லை.

"அத்தா..." என்றாள்.

அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஹாரன் அடித்து வண்டி கிளம்பிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். அவர் எப்போது நகர்வார் என்று காத்துக்கொண்டு, படிக்கட்டு மறைவிலேயே நின்றிருந்தாள் நூர்ஜஹான்.

"எப்பவும் போல நேரமிருக்கும்னு நெனச்சேங்க" என்றாள். "நீங்க வேணும்னே மெதுவா மாட்டுனதெல்லாம் எனக்குத் தெரியும். இன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

தூக்குச்சட்டியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.