நான்கு மூலை மஞ்சள்

“வெங்காயம் நடுற வீட்டுப் பெட்டை சோதினை எழுதாட்டில் குடி முழுகிப் போமே?” என்று பெரிய மாமா கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு நான்கு நாட்கள் இருந்தன.

எனக்குக் கொப்புளிப்பான் வந்து மாறியிருந்தது. அம்மாள் தானாக வந்து தானாக இறங்குவாள் என்று எங்கள் வீட்டில் அதற்கு மருந்து கொடுப்பதில்லை. மூன்று தரமும் வேப்பிலைத் தண்ணீர் வார்த்தாயிற்று. ஆனாலும், சுகம் என்று வைத்தியர் எழுதின துண்டு கொண்டுவந்தால்தான் சோதனைக்கு விடலாம் என்றார் தலைமையாசிரியை.

“அம்மாளே இறங்கியிட்டா. பிறகு ஆரின்ரை துண்டு?” என்றார் அம்மா.

ஐயா என்னைச் சைக்கிளில் ஏற்றி, ஆஸ்பத்திரி வேலையில் இருந்து இளைப்பாறிய அப்போதிக்கரி ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் என் கழுத்துத் தழும்புகளைப் பார்த்துவிட்டு இங்கிலீசில் எழுதினார். கடைசிச் சொல் எனக்குப் பிடிபடவில்லை.

“அது லத்தீன், பிள்ளை. சானா. சுகமானவள். பெடியன் எண்டால் சானுஸ்.”

“அப்ப உடம்புக்கு என்ன சொல்லுறது?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “சானும். ஆனால் நான் உன்ரை உடம்பை எழுதேல்லை. உன்னை எழுதினனான்.”

வழி முழுக்க அந்த மூன்றையும் ஐயாவின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா துண்டை வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் பூசித் தந்தார். எனக்கு அழுகை வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் இன்னும் பரவியது.

“இதென்ன?” என்றார் தலைமையாசிரியை.

“கறி பட்டிட்டுது, ரீச்சர்.”

அவர் துண்டை மணந்து பார்த்தார். பிறகு சோதனைக் கடதாசிகளின் கோவைக்குள் வைத்துக்கொண்டார். சோதனை எழுதினேன், சித்தியடைந்தேன். சானா என்ற சொல்தான் என்னை உள்ளே விட்டது என்று கன நாள் பெருமைப்பட்டேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மகள் சுகம் என்று அப்போதிக்கரி தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினார்; அம்மாவும் தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினார். அதைத்தான் நான் கறி என்றேன்.

போன கிழமை மருத்துவபீடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். தபாலில் போடுவதற்கு முன்னம் அம்மாவிடம் நீட்டினேன். “ஊத்தையாப் போமெல்லே?” என்று கேட்டார்.

“பூசுங்கோ,” என்றேன்.