கைக்கு ஒரு வாரம் லீவு

கனகலட்சுமி காற்றில் கட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். காலி அறையின் நடுவில் நின்று தலைமாட்டை மலைப்பக்கம் வைத்தாள். சற்று நேரம் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், காலை வெயில் மூஞ்சியில அடிக்கும்" என்று சுவரோரம் தள்ளினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த வீட்டைப் பேசி முடித்த நாளிலிருந்து, மில் விட்டதும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி வந்து, அவள் குடித்தனம் நடத்துவது இப்படித்தான். வீட்டை விற்கும் சோலைராஜ், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கதவைத் திறந்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னைக்கு என்னம்மா வாங்குன?"

"பிரிட்ஜ் அண்ணாச்சி. வைக்க இடந்தான் தோதுப்படல."

அவர் சிரிக்க மாட்டார். மறுநாள், "தோதுப்பட்டுச்சா?" என்று விசாரிப்பார்.

இருபத்திரண்டு வருஷம் வாடகை வீடுகளில் இருந்தவள். ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு அடித்தவள். கனவு வீட்டில் அவள் அடித்த ஆணிகளுக்கு அளவே இல்லை.

திங்கட்கிழமை பத்திரப்பதிவு. மறுநாளே சோலைராஜ் மகனோடு இருக்கப் புனேவுக்கு ரயிலேறுகிறார். திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வில்லங்கம் பார்த்தாயிற்று, பத்திரமும் தயார். ஒரே ஒரு குறை, கனகலட்சுமியின் ரேகை. பதினெட்டு வருஷம் மில்லில் அறுந்த நூலை முடிந்து முடிந்து விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. ரேஷன் கடை மெஷினே இரண்டு முறை அவளை யாரென்று தெரியாது என்று கைவிரித்துவிட்டது.

பத்திரம் எழுதும் வைகுண்டராஜ் எச்சரித்தார். "யக்கா, மெஷின் ரேகையைப் பிடிக்கலைன்னா பதிவு நின்னுபோகும். கைக்கு ஒரு வாரம் லீவு குடுங்க. தேங்காயெண்ணெய் தடவுங்க, தண்ணியில வைக்காதீய."

சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் உதிரிப்பூவை வாங்கித் தொடுத்துக் கொடுத்துவிடுகிற ரகம். மில்லுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, எண்ணெய்க் கைகளை மடியில் வைத்துக் கல்யாணப் பெண்போல உட்கார்ந்திருந்தாள். புருஷன் கருத்தப்பாண்டி புளி கரைத்தான், பாத்திரம் கழுவினான். அவள் எழுந்தால், "ஏட்டி, தொடாத!" என்று சத்தம் போட்டான். ஆறு நாளில் ரேகை லேசாகத் தெரிவதாக அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்கப் போனாள். சோலைராஜின் மிச்ச சாமான்களும் போய்விட்டன. அடுப்பு இருந்த மேடையில் பல வருஷத்துத் தாளிப்பு கறுப்பாகப் படிந்து கிடந்தது. மனசுக்குள் அதன்மேல் தன் அடுப்பை வைத்துப் பார்த்தாள்; ஒப்பவில்லை. அவள் தன்னினைவுக்கு வந்தபோது மேடை பளபளத்தது. கையில் தேங்காய் நார், சோப்புத்தூள் நுரை. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"கை நம்ம பேச்சைக் கேக்கலைங்க" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். கருத்தப்பாண்டி திட்டவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவனே தடவிவிட்டான்.

பதிவு அலுவலகத்தில் சோலைராஜ் விரலை வைத்ததும் மெஷின் பிடித்துக்கொண்டது. அவளுடைய வலது பெருவிரலுக்குச் சிவப்பு காட்டியது. துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"அடுத்த விரலம்மா" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

ஒவ்வொரு சிவப்புக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு சாமான் வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டில் போயிற்று, பிரிட்ஜ் போயிற்று. ஒன்பது விரல்கள் முடிந்தன. கருத்தப்பாண்டி தரையைப் பார்த்தான். மிஞ்சியது இடது சுண்டுவிரல். நூல் முடியவும் சரி, பாத்திரம் தேய்க்கவும் சரி, அவள் அதை வேலைக்குக் கூப்பிட்டதே இல்லை. வைத்தாள்.

பச்சை.

வெளியே வேப்பமரத்தடியில் சோலைராஜ் சாவியை நீட்டினார். "நல்லபடியா இருங்கம்மா."

அவள் கும்பிட்டு வாங்கினாள். கருத்தப்பாண்டி பையைத் திறந்து காட்டினான். கனகலட்சுமி அதில் போடவில்லை. சாவி வளையத்தை இடது சுண்டுவிரலில் மாட்டிக் கையை மூடிக்கொண்டாள்.